புத்தகக் கடையும் புதிய வாணிகமும்



சென்னை சென்ட்ரல் நிலையத்தை ஒட்டிப் புறநகர் வண்டிகள் புறப்படும் இடத்தை உங்களுள் பலர் அறிவீர்கள். முன்னாளில் அவ்விடத்தில் மூர் மார்க்கெட் என்னும் பேரங்காடி இருந்தது. 1900ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அந்தச் செந்நிறக் கட்டிடத்தில் கிடைக்காத பொருளே இல்லை என்பர். எனினும் மாணவர்களை அங்கே இழுத்தவை பழைய புத்தகக் கடைகளே.

ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில், கணிதம் கற்பிக்கும் முறை பற்றிய நூல் ஒன்றைத் தேடி நான் அங்குச் சென்றேன். அது கிடைக்கவில்லை. ஆனால் ஒரு குவியலின் அடியில், கல்வெட்டுகளைப் பற்றிய நூலொன்று அட்டை கிழிந்த நிலையில் கைக்கு அகப்பட்டது. நின்றபடியே பல பக்கங்களைப் படித்துவிட்டேன். கடைக்காரர் கடிந்துகொள்ளவில்லை. "உட்கார்ந்து படி, தம்பி" என்று முக்காலி ஒன்றை நகர்த்தினார். கணக்காசிரியனாக எண்ணியிருந்தவன் பின்னர் வரலாற்றாசிரியன் ஆனதற்கு அந்த முக்காலியும் ஒரு காரணம். 1985ஆம் ஆண்டு மே மாதம் அவ்வங்காடி தீக்கிரையாயிற்று.

புத்தகக் கடையின் வரலாறு நம் நாட்டில் மிகப் பழையதன்று. 1835ஆம் ஆண்டில் அச்சுக்கூடங்களின் மேலிருந்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. அதன்பின் இந்தியர் நடத்திய அச்சகங்கள் பெருகின, நூல்கள் பெருகின, விற்போரும் பெருகினர். 1844ஆம் ஆண்டில் சென்னையில் ஹிக்கின்பாதம்ஸ் நிறுவனம் தோன்றியது. அண்ணாசாலையிலுள்ள அதன் கட்டிடம் 1904ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னாட்டுப் புகைவண்டி நிலையங்களிலும் அந்நிறுவனம் கடை வைத்தது. வண்டிக்குக் காத்திருப்போரும் வாசகராயினர். மற்றொரு புறம், குஜிலிக் கடைத்தெருவில் கதைப்பாடல்களும் சிந்துகளும் சிறு விலைக்கு விற்பனையாயின. 1977ஆம் ஆண்டு முதல் சென்னையில் புத்தகக் காட்சியும் நடைபெற்று வருகின்றது.

இனிப் புதிய வாணிகத்தைக் காண்போம். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 1995ஆம் ஆண்டில் இணையத்தின் வழியே விற்பனையைத் தொடங்கியபோது முதலில் விற்றது புத்தகமே. 2007ஆம் ஆண்டில் பெங்களூரில் தோன்றிய ஃபிளிப்கார்ட்டும் அவ்வாறே தொடங்கிற்று. ஏன் புத்தகம்? காய்கனிபோல் அது அழுகாது. துணிபோல் அளவு பார்க்க வேண்டியதில்லை. எங்கு வாங்கினும் ஒரு பதிப்பு ஒன்றுபோலவே இருக்கும். உலகிலுள்ள நூல்கள் அனைத்தையும் எந்தக் கடையும் அடுக்கி வைக்கவியலாது. பட்டியலிலோ அவை அனைத்தும் அடங்கும்.

இப்புது முறையைப் பழிப்பது என் நோக்கமன்று. புத்தகக் கடையே இல்லாத சிற்றூர் மாணவனுக்கும் இன்று வேண்டிய நூல் வீடு தேடி வருகின்றது. இஃது எளிய நன்மையன்று. என் மாணவர் பலர் அதனால் பயனடைந்ததை நானே கண்டேன்.

ஆயினும் கடைக்காரரின் கணக்கையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். பதிப்பகத்தார் தரும் கழிவே அவருடைய வருவாய். வாடகை, மின்கட்டணம், பணியாளர் ஊதியம் அனைத்தும் அதிலிருந்தே வரவேண்டும். பெரிய இணைய வணிகரோ அக்கழிவில் பெரும் பங்கை வாங்குவோருக்கே விட்டுக்கொடுத்து, பிற பொருள்களால் ஈடு செய்துகொள்ள முடியும். கடையில் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கைபேசியில் அதனை வாங்குவோரும் உளர். பார்ப்பதற்கு ஒரு கடை, பணம் தருவதற்கு வேறொரு கடை என்றால் முதற்கடை எத்தனை நாள் நிற்கும்?

பிரான்சு நாட்டார் இதனைச் சட்டத்தால் எதிர்கொண்டனர். பதிப்பாளர் குறித்த விலையிலிருந்து நூற்றுக்கு 5 பங்குக்கு மேல் குறைக்கலாகாது என்று 1981ஆம் ஆண்டில் விதித்தனர். 35 யூரோவுக்குக் குறைந்த புதுநூல்களை இல்லத்துக்கு அனுப்பினால் குறைந்தது 3 யூரோ கட்டணம் பெறவேண்டும் என்ற விதி 2023ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. புத்தகக் கடையை வெறும் வாணிக நிலையமாக அவர்கள் கருதவில்லை.

இணையத்தில் நாம் தேடுவது கிடைக்கும். கடையிலோ நாம் தேட அறியாததும் கிடைக்கும். முன்பு வாங்கியதைப் போன்ற ஒன்றையே இயந்திரம் பெரும்பாலும் நமக்குக் காட்டும். அடுத்த அலமாரியோ முற்றிலும் வேறான ஒன்றைக் காட்டும். நூலகப் பேரறிஞர் ரங்கநாதன், வாசகர் நூல்களுக்கிடையே தடையின்றி உலவ வேண்டும் என்று வலியுறுத்தியதும் இதுபற்றியே. அமேசான் நிறுவனமே 2015ஆம் ஆண்டில் சியாட்டில் நகரில் புத்தகக் கடை திறந்தது. இணையத்தில் வாசகர் அளித்த மதிப்பெண்ணையும் விற்பனையையும் கொண்டு அங்கு நூல்களைத் தேர்ந்தனர். 2022ஆம் ஆண்டில் அத்தகைய கடைகளை மூடுவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அலமாரி இருந்தால் மட்டும் கடை ஆகிவிடாது. நூலறிந்த ஒருவர் அதன் அருகில் இருத்தல் வேண்டும் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மாணவர்களே! கடையில் இல்லாத நூலை இணையத்தில் வாங்குங்கள், தவறில்லை. ஆனால் திங்கள்தோறும் ஒருமுறையேனும் உங்கள் ஊரின் புத்தகக் கடைக்குள் செல்லுங்கள். எதையும் தேடாமல் சற்றே நில்லுங்கள். அங்கே பிடித்த நூலை அங்கேயே வாங்குங்கள். உங்களுக்குப் பின் வரும் ஒருவனுக்காக அந்த முக்காலி அங்கே இருக்கட்டும்.