சோஹோ நிறுவனத்தின் வளர்ச்சி

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியிலிருந்து ஒரு காலத்தில் பாதி பதனிட்ட தோலே பெருமளவில் கப்பலேறியது. அதை மெருகேற்றிக் காலணியாக்கி இலாபம் பார்த்தவர்கள் வெளிநாட்டார். 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகே, முழுதும் பதனிட்ட தோலையும் தோற்பொருள்களையும் இங்கேயே செய்து அனுப்பும் கொள்கை வலுப்பெற்றது. மென்பொருள் துறையிலும் இதே கேள்வி எழுந்தது: பிறருக்கு நிரல் எழுதிக் கொடுத்துக் கூலி பெறுவதா, சொந்தச் சரக்கை விற்பதா? இரண்டாவது வழியில் சென்ற தமிழ்நாட்டு நிறுவனம் சோஹோ.

சென்னை ஐ.ஐ.டி.யிலும் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திலும் பயின்ற ஸ்ரீதர் வேம்பு, தம் உடன்பிறந்தோருடனும் டோனி தாமஸுடனும் சேர்ந்து 1996இல் இதை நிறுவினார். அன்றைய பெயர் அட்வென்ட்நெட். தொலைத்தொடர்புக் கருவி செய்வோருக்கு வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் விற்றார்கள். 2001ஐ ஒட்டி இணையத் தொழில் சரிந்தபோது வாடிக்கையாளர் பலர் காணாமற் போயினர். பின்னர் அலுவலகக் கணினிகளை நிர்வகிக்கும் மேனேஜ்எஞ்சின் மென்பொருள்கள் நிறுவனத்தைத் தாங்கின. 2005இல் சோஹோ ரைட்டர் வந்தது. 2009இல் நிறுவனத்தின் பெயரே சோஹோ ஆயிற்று.

ரைட்டரில் எழுதும் கடிதம் நம் கணினியில் இருப்பதில்லை. நிறுவனத்தின் வழங்கியில் இருக்கிறது. ஆகவே மென்பொருள் விற்றவர்கள் பிறர் தரவுகளைக் காக்கும் பொறுப்பையும் ஏற்றார்கள். இன்று பல நிறுவனங்கள் அமேசான் போன்றோரிடம் வழங்கிகளை வாடகைக்கு எடுக்கின்றன. சோஹோ தன் வழங்கிகளைத் தானே நடத்துகிறது. அதன் தரவு மையங்கள் சென்னை, மும்பை உட்படப் பல நாடுகளில் உள்ளன. வெளியார் முதலீட்டையும் நாடவில்லை. 2011இல் தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்தது. பள்ளிப் படிப்பு முடித்தவர்களுக்குப் பயிற்சி தந்து வேலையும் தரும் அதன் பள்ளியைத்தான், ஆசிரியனாக இருந்தவன் என்ற முறையில், நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கிறேன்.

இவ்வளவு இருந்தும் ஒரு நூல் பிறர் கையில் இருந்தது. 2018 செப்டம்பர் 24 அன்று சோஹோவின் இணைய முகவரி திடீரென்று முடங்கியது. சோஹோ மின்னஞ்சல் கணக்குகள் சிலவற்றிலிருந்து மோசடி அஞ்சல்கள் போயின என்ற புகாரின்பேரில், அந்த ஆள்களப் பெயரைப் பதிவு செய்துவைத்திருந்த அமெரிக்க நிறுவனம் அதை நிறுத்திவைத்தது. வழங்கிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றைச் சென்றடைய வழியில்லை. வீடு சொந்தம், கதவு எண் நகராட்சியிடம் என்பதுபோல. இலட்சக்கணக்கான பயனர்கள் தம் அஞ்சலையும் கணக்குகளையும் திறக்க முடியாமல் தவித்தனர். வேம்பு ட்விட்டரில் வெளிப்படையாக உதவி கேட்கும் நிலை வந்தது.

சில மணி நேரத்தில் தடை நீங்கியது. ஆனால் பழைய முகவரித் தகவல் உலகெங்கும் பல கணினிகளில் தங்கியிருந்ததால், சிலருக்குச் சேவை திரும்பத் தாமதமாயிற்று. ஆள்களப் பெயரை எவரும் ஒரேயடியாக விலைக்கு வாங்கிவிட முடியாது. ஒரு பதிவாளர் வழியாகப் பதிந்து, அவ்வப்போது புதுப்பித்து வர வேண்டும். சோஹோ தன் பெயரைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்திடம் மாற்றிப் பதிந்துகொண்டது.