எவர் வீடு என்று தெரியாமல் எழுப்பினார்கள்

ஆறு நூற்றாண்டுக்கு மேல் ஆப்ஸ்பர்க் அரச மரபினரின் ஆணைக்கு அடங்கியிருந்த நாடு ஆஸ்திரியா. அதன் தலைநகர் வியன்னாவிலே மாட மாளிகைகள் உண்டு. மயக்கும் இசைமன்றங்கள் உண்டு. படுக்கையை மட்டும் வாடகைக்குப் பிடித்து வாழ்ந்த மாந்தரும் உண்டு! வீடு அன்று, அறையும் அன்று, ஒரு கட்டில்! இரவெல்லாம் ஆலையிலே உழைத்தவன் பகலிலே அதில் உறங்குவான். மாலையில் எழுந்து இன்னொருவனுக்கு இடம் விடுவான். பாடநூல்கள் மன்னரைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசும். கட்டிலைப் பற்றிப் பேசுவதில்லை.

1918-இல் முடியரசு சாய்ந்தது. போரிலிருந்து திரும்பியோர், புகலிடம் தேடி வந்தோர், கணவனை இழந்தோர் எல்லாரும் நகரிலே நெருங்கினர். 1917 முதல் வாடகையைச் சட்டம் கட்டுப்படுத்தியிருந்தது. இலாபம் இல்லை என்றதும் தனியார் வீடு கட்டுவதையே விட்டனர். குளிருக்கு விறகும் இல்லை, வயிற்றுக்கு உணவும் இல்லை. மக்கள் புறநகர்க் காட்டிலே மரம் வெட்டினர், வெட்டிய இடத்திலே குடிசை போட்டனர், காய்கறி பயிரிட்டனர். அரசின் ஒப்புதலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

தனித்தனிக் குடிசையாக நின்றவர்கள் விரைவிலே கூட்டுறவுச் சங்கமாக நிமிர்ந்தார்கள். 1921 ஏப்ரல் 3-ஆம் நாள் ஏறத்தாழ 50,000 பேர் அணிவகுத்து நிலமும் பொருளும் கேட்டார்கள். நகராட்சி செவி சாய்த்தது. குடியேற்ற அலுவலகம் ஒன்றை அமைத்தது; புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் அடால்ஃப் லூஸ் அதன் தலைமைக் கலைஞரானார். செல்வர் வீட்டுக்கு வரைபடம் தீட்டிய அந்தக் கை, ஒரே ஒரு சுவரை எழுப்பினால் போதும் என்னும் மலிவான வீட்டு முறையைக் கண்டு அதே ஆண்டிலே காப்புரிமை பெற்றது. அடுத்தடுத்த வீடுகள் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும்; முன்புறமும் பின்புறமும் மரத்தாலானவை. இளம்பெண் மார்கரெட் லிஹோட்ஸ்கியும் குடியேறிகளுக்காக அங்கே பணியாற்றினார்.

பணமில்லாத உறுப்பினர் பங்குத்தொகைக்கு ஈடாக உழைப்பைக் கொடுத்தனர். சங்கத்துக்குச் சங்கம் வேறுபட்டு, குடும்பத்துக்கு 1000 முதல் 3000 மணி நேரம்! ஆலை வேலை முடிந்த மாலையிலும் விடுமுறையிலும், ஆணும் பெண்ணுமாக மண் தோண்டினர், கல் சுமந்தனர். இதிலே என்னைக் கவர்ந்தது ஒன்று: பல குடியிருப்புகளிலே வீடு முடிந்த பிறகுதான் சீட்டுக் குலுக்கினார்கள். எந்தச் சுவர் தன் சுவர் என்று எவருக்கும் தெரியாது. ஆகவே எல்லாச் சுவரையும் செம்மையாக எழுப்பினார்கள். திருவுளச் சீட்டு என்று நம்மவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே திருவுளத்துக்கு வேலையே இல்லை. ஏமாற்றுக்கு வழியடைத்தது மனித அறிவு!

ஆயினும் உழைப்பு மட்டும் ஒரு மாநகருக்குக் கூரை வேயுமா? 1922-இல் வியன்னா தனி மாநிலமாகி வரி விதிக்கும் உரிமை பெற்றது. மறு ஆண்டு, நிதிப் பொறுப்பாளர் ஹூகோ பிரைட்னர் குடியிருப்புக் கட்டட வரியைக் கொணர்ந்தார். குடிசையாளன் காசு கொடுத்தான். மாளிகையாளன் கட்டுக்கட்டாகக் கொடுத்தான். மிக உயர்ந்த மதிப்புடைய அரை விழுக்காட்டுக் கட்டடங்கள் வரியிலே ஏறக்குறைய 45 விழுக்காட்டைச் செலுத்தின. சீமான்கள் சீறினார்கள். ஆனால் 1934-க்குள் 60,000-க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. இந்த வரியால் கட்டியது என்று சுவரிலேயே பொறித்தும் வைத்தார்கள்.

குறை இல்லையா? உண்டு. உழைப்பு மணியைத் தர இயலாத நோயாளிக்கும் முதியவருக்கும் சங்கத்திலே இடம் கிடைப்பது அரிது. வீடு ஒதுக்க நகராட்சி வகுத்த மதிப்பெண் முறை தேவையை அளந்தது. ஆனால் வெளியூரிலிருந்து வந்தவனை வியன்னாவிலே பிறந்தவனுக்குப் பின்னே நிறுத்தியது. பெருங்கட்டடங்கள் பெருகப் பெருக, குடியேறிகளின் குரலும் தேய்ந்தது.

1934 பிப்ரவரியிலே உள்நாட்டுப் போர் மூண்டது. 1382 வீடுகள் கொண்ட கார்ல் மார்க்ஸ் குடியிருப்பின்மீது அரசின் பீரங்கிகள் முழங்கின. நகராட்சியைக் கலைத்தனர். சிதைந்த சுவரைப் பின்னர் செப்பனிட்டார்கள். இன்றும் அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். நகராட்சிக்கு வாடகை செலுத்துகிறார்கள்.