கரை இல்லாத அலை

கனடாவிலிருந்து வந்த மாமா பழைய பெட்டி ஒன்றுக்குள் இருந்து 'அட்டாரி லிங்ஸ்' எடுத்துத் தந்தார். 1989இல் வந்த கையடக்க விளையாட்டுக் கருவி. அந்தக் காலத்திலேயே வண்ணத் திரை. ஆனா ஆறு பற்றரி போடவேணும், சில மணித்தியாலத்தில் எல்லாத்தையும் குடிச்சு முடிச்சிடும். அதோட சேர்த்து விற்ற விளையாட்டு 'கலிபோர்னியா கேம்ஸ்'. அதில் உள்ள நாலில் ஒன்று அலைச்சறுக்கு.

விளையாட்டு லேசானது. அலையின் சரிவில் மேலும் கீழும் போகவேணும். பின்னால அலை மடிஞ்சு துரத்தும். உச்சியால வெளியே பாய்ஞ்சு, சுழன்று, சரியான கோணத்தில் இறங்கினால் புள்ளி. கோணம் பிழைச்சால் தண்ணிக்குள்ள. முதல் அரை மணித்தியாலமும் நான் தண்ணிக்குள்ளதான்.

பக்கத்தில் இருந்து பார்த்த அம்மம்மா கேட்டா: "இந்தப் பொடியன் எப்ப பிள்ளை கரைக்கு வாறது?"

திரையில் கரையே இல்லை. நேரம் முடியும்வரை அலை மட்டும்தான்.

அம்மப்பா கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர். திருகோணமலைத் துறைமுகத்துக்குள் பெரிய அலை இல்லை. அந்த ஆழமான, அமைதியான குடாவுக்காகத்தான் போர்த்துக்கீசரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டார்கள். அம்மப்பா போன கடல் அதற்கு வெளியே. திரும்பி வரும்போது அலை உடையிற இடம்தான் ஆபத்து. எந்த அலையை விடுறது, எதில ஏறுறது எண்டு பார்க்கவேணும். மரம் குறுக்கே திரும்பினால் கவிழும். அதுவும் அலைச்சறுக்குத்தானே? ஆனா அதை யாரும் விளையாட்டு எண்டு சொல்லேல்ல.

இன்றைய அலைச்சறுக்கின் தாய்வீடு ஹவாய். கப்டன் குக்கின் கப்பலில் வந்தவர்கள் 1770களின் கடைசியில் அதைப் பார்த்து வியந்து எழுதினார்கள். பிறகு வெளியார் கொண்டுவந்த நோய்களால் ஹவாய் மக்கள் பெருந்தொகையாக இறந்தார்கள். 1820இல் வந்திறங்கிய மிஷனரிமாருக்கும் அந்த விளையாட்டு பிடிக்கவில்லை. அழியும் நிலைக்குப் போன அது, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வைக்கீக்கி கரையில் மீண்டும் எழுந்தது. ஹவாயைச் சேர்ந்த ஜோர்ஜ் ஃபிரீத் 1907இல் கலிபோர்னியா போய் அங்கே சறுக்கிக் காட்டினார். அடுத்த வருசம் டிசம்பரில், புயலில் மாட்டிய ஜப்பானிய மீனவர்களைக் கடலில் பாய்ந்து கரைசேர்த்தவரும் அவர்தான். எண்பது வருசம் கழித்து அந்தக் கலிபோர்னியா என்ர கையில் இருந்த பெட்டிக்குள் வந்தபோது, சறுக்கல் இருந்தது. ஹவாயும் இல்லை, மீனவரும் இல்லை.

எங்கட வீட்டில் அலை என்றால் 2004 டிசம்பர் 26. நான் அப்ப கைக்குழந்தை. அதற்குப் பிறகு அம்மம்மா கடற்கரைக்குப் போறதில்லை. எங்களையும் விடமாட்டா. கடலுக்குப் பக்கத்திலேயே வளர்ந்த நான் முதன்முதல் அலையில் ஏறினது இந்தச் சின்னத் திரையில்தான். தெற்கே அறுகம் குடாவில் உலகமெங்கும் இருந்து வந்து சறுக்குகினம். எனக்கோ நீந்தவே தெரியாது.

சித்திரைக்குப் பிறகு எங்கட பக்கக் கடல் அடங்கும். உப்புவெளியில் நீந்தப் பழகவா எண்டு அம்மம்மாவிட்ட கேட்டிருக்கிறன். இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல. ஆனா "கரையோட நிண்டால் பார்ப்பம்" எண்டவ.