தாயை விட்டு உறங்கிய குழந்தைகள்

சாலமோன் மன்னனின் தீர்ப்புக் கதையில், தாயொருத்தி உறக்கத்தில் மேலே புரண்டதால் அவளது சிசு இறக்கின்றது. பண்டைய யூதத் தாய்மார் குழந்தையை அருகிற் கிடத்தி உறங்கினர் என்பதற்கு இதனையே நான் சான்றாகக் கொள்வேன்.

20ஆம் நூற்றாண்டில் கிபுட்ஸ் எனும் யூதக் கூட்டுப் பண்ணைகள் பல இவ்வழக்கத்தைத் தலைகீழாக்கின. பெண்ணை வீட்டுச் சுமையிலிருந்து விடுவிப்பதற்காகக் கைக்குழந்தைகளையும் பிள்ளைகள் இல்லத்தில் உறங்க வைத்தனர். மாலையில் சில மணி நேரம் பெற்றோருடன். இரவில் முறைவைத்து மாறும் காவற்பெண்களே துணை. நோக்கம் உயர்ந்ததுதான். ஆனால், அழுத பிள்ளையிடம் வந்தவள் பெரும்பாலும் அதற்கு அந்நியள்.

1994இல் வெளியான ஆய்வொன்றின்படி, வீட்டில் உறங்கிய கிபுட்ஸ் குழந்தைகளில் 80 வீதமானோர் தாயிடம் பாதுகாப்பான பிணைப்புக் கொண்டிருந்தனர். இல்லத்தில் உறங்கியோரில் 48 வீதத்தினரே. 1990களின் இறுதியில் இம்முறை ஒழிந்தது. 1910இல் தோன்றிய முதற் கிபுட்ஸான தெகானியாவோ தன் பிள்ளைகளை என்றுமே பெற்றோர் வீட்டில்தான் உறங்க விட்டது.