கத்தி இல்லாத வினைச்சொல்

எம்.ஆர்.டி. வாசலில் அட்டையை 'டேப்' பண்ணுகிறோம். கைப்பேசித் திரையை 'டேப்' பண்ணுகிறோம். உளவுத்துறை ஒருவருடைய தொலைபேசியை 'டேப்' செய்து ஒட்டுக் கேட்கிறது. பழைய தோட்டத்து ஆவணங்களைப் புரட்டினால் அங்கே ரப்பர் மரத்தையும் 'டேப்' செய்கிறார்கள். ஒலிநாடா டேப் இல்லை. தண்ணீர்க் குழாய்க்குச் சொல்கிறோமே, அந்த டேப்.

நாலும் ஒரே சொல்தானே என்று தோணும். இல்லை. ஒரே எழுத்துக்கூட்டலுக்குள் இரண்டு தனித்தனிச் சொற்கள் குடியிருக்கின்றன.

ஒன்று, மெல்லத் தட்டுவது. இது இடைக்காலத்தில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அட்டையும் கைப்பேசித் திரையும் இந்தப் பக்கம். இன்னொன்று, பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். பீப்பாயின் துளையை அடைக்கிற முளைக்கு அந்தப் பெயர். பீப்பாயில் துளை போட்டு, முளை செருகி, வேண்டியபோது திறந்து மதுவை எடுப்பதுதான் வினை. அப்புறம் அது பீப்பாயை விட்டு வெளியே நடந்தது. வயிற்றில் நீர் கோத்தவருக்கு அந்த நீரை வடித்தெடுப்பதற்கும் வட அமெரிக்காவில் மேப்பிள் மரத்துச் சாற்றை எடுப்பதற்கும் அதே சொல். 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் எதிரியின் தந்திக் கம்பியில் கம்பி கோத்துச் செய்தியைத் திருடின. அதற்கும் இதே சொல்தான். இன்றைக்குச் சந்தையையும் இளைஞர்களின் திறமையையும்கூட 'டேப்' செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரே படம்: உள்ளே நிறைந்து கிடக்கு, ஒரு துளை போட்டால் தானா வரும்.

இந்தப் படத்தோடுதான் ஆங்கிலம் ரப்பர் மரத்திடம் வந்தது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. ஆனால் ரப்பர் மரம் பீப்பாய் இல்லை. பால் தண்டின் நடுவில் தேங்கிக் கிடக்கவில்லை. பட்டைக்குள் ஓடும் நுண்குழாய்களில் இருக்கிறது. துளை போட்டுவிட்டுக் காத்திருந்தால் காரியம் ஆகாது. 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி பல சோதனைகளுக்குப் பிறகு கண்டுகொண்டது இதைத்தான்: பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், அடுத்த முறை அதே வெட்டின் விளிம்பைத் திரும்பச் சீவ வேண்டும், பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படையைக் கத்தி தொடக் கூடாது. தொட்டால் மரம் காயப்படும், புதுப்பட்டை சரியாக வளராது. விடியுமுன் இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், மரத்துக்கு மரம் செய்ய வேண்டிய நுட்பமான கைவேலை அது.

அதைச் செய்தவர்கள் என்ன பெயர் வைத்தார்கள் என்று பாருங்கள். தமிழில் பால் வெட்டு. மலாயில் 'மெனோரே', அதாவது கீறுதல். சீனத்திலும் வெட்டுதல்தான். மூன்று மொழியிலும் கத்தி இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் இல்லை. ஆண்டவனுடைய மொழி, அதனால்தான் கத்தியை மறைத்தது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. இந்தோசீனாவில் பிரெஞ்சுக்காரர்களும் முதலாளிகள்தான். அவர்களுடைய சொல்லுக்கு ரத்தம் எடுப்பது என்று பொருள். ஆங்கிலத்திடம் பீப்பாய்ச் சொல் ஒன்று தயாராக இருந்தது, அவ்வளவுதான். பனையில் கள் இறக்குபவரையும் அது அப்படித்தான் அழைத்தது. தமிழுக்கு இறக்குவது வேறு, வெட்டுவது வேறு. ஆங்கிலத்துக்கு இரண்டும் ஒன்று. கடைசியில் பாத்திரத்தில் என்ன விழுகிறது என்பதுதான் கணக்கு.

சதி இல்லாவிட்டாலும் விளைவு உண்டு. நம்மில் பலருடைய தாத்தா பாட்டியின் தொழில் ஆவணங்களில் 'டேப்பர்' என்ற ஒற்றைச் சொல்லாகக் கிடக்கிறது. அந்த ஆவணங்களை வைத்து இன்று தமிழில் வரலாறு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டத்தைப் பார்க்காத தலைமுறை. அகராதியை மட்டும் நம்பி 'ரப்பர் தட்டுபவர்' என்று எழுதினால் தவறான வினைச்சொல் உள்ளே வந்துவிடும். 'பால் எடுப்பவர்' என்றால் பிழை இல்லை, ஆனால் பீப்பாய் திரும்பி வந்துவிடும்.

பால் வெட்டு என்றே எழுதலாம். இலக்கணப்படி பார்த்தால் அது விசித்திரமான சொல்தான்; பாலை யாரும் வெட்ட முடியாது, வெட்டுப்படுவது பட்டை. ஆனாலும் வந்த பொருளையும் அதை வரவழைத்த கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. உளி, மங்கு, ஒட்டுப்பால், காண்டா வாளி, நெரை என்று அதோடு சேர்ந்த சொற்களும் இன்னும் நம் பெரியவர்கள் வாயில் இருக்கின்றன. ஆவணத்தில் 'டேப்பர்' என்று பார்த்தால், அகராதியைத் திறப்பதற்கு முன்னால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.