திரையில் தோன்றிய திருமுகம்

வெள்ளைத் துணியின்மேல் ஒளியும் நிழலும் கூடி ஆடும் ஆட்டமே சலனப்படம். இவ்வுண்மையைச் சிறு குழந்தையும் அறியும். அறிந்திருந்தும், அத்துணியின்மேல் தெய்வம் தோன்றும்போது கைகள் தாமே குவிகின்றனவே, அஃது ஏன்? நம் சங்க மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நெடுநாளாக என் நெஞ்சை உறுத்திக் கொண்டிருந்த இவ்வினாவையே எடுத்துக்கொண்டேன். அடியேன் ரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்புவரை பயின்றவன். பிழை காணின் பெரியோர் பொறுத்தருள்க.

இவ்வரலாறு நம்மவர் ஒருவரிடமிருந்தே தொடங்குகின்றது. அவரும் ரயில்வே ஊழியர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை. கோயம்புத்தூரைச் சேர்ந்த சாமிக்கண்ணு வின்சென்ட், தென்னிந்திய ரயில்வேயின் திருச்சிராப்பள்ளி அலுவலகத்தில் வரைவாளராகப் பணியாற்றினார். 1905-ஆம் ஆண்டு தூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் படக்கருவியுடன் திருச்சிக்கு வந்தார். அவரிடமிருந்த படச்சுருள்களில் முதன்மையானது இயேசுநாதரின் வாழ்க்கைப் படமாகும். உடல் நலிவுற்றுத் தாயகம் திரும்ப விழைந்த அப்பிரெஞ்சுக்காரரிடமிருந்து கருவியையும் சுருள்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார் வின்சென்ட். மாதச் சம்பளக்காரர் ஒருவருக்கு அந்நாளில் அது எத்துணைப் பெருந்தொகை என்பதை நம் போன்றோர் நன்கு உணர்வர். வேலையைத் துறந்தார், ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கையும் எழுப்பினார். ஆக, தென்னாட்டு மக்கள் பலருக்குத் திரையில் முதன்முதல் காட்சி தந்த திருமுகம், முள்முடி சூடிய இயேசுவின் முகமேயாகும்.

இனி, நாம் குடியேறி வாழும் இம்மராட்டிய மண்ணுக்கு வருவோம். புனேயிலிருந்து லோனாவளா செல்லும் வண்டியில் மளவலி நிலையத்தை நம்மில் பலர் கடந்திருப்போம். இரவிவர்மாவின் தெய்வப் படங்களை அச்சிட்ட அச்சகம் அப்பகுதியிலேதான் இயங்கியது. அங்கே கல்லச்சுத் தொழில் புரிந்தவர் தாதாசாகேப் பால்கே. 1910-11-இல் பம்பாயில் சாந்தர்ஸ்டு சாலைக் கூடாரம் ஒன்றில் அவர் கிறிஸ்துவின் வாழ்க்கைப் படத்தைக் கண்டார். கண்ணெதிரே கிறிஸ்து நடமாட, அவர் அகக்கண்ணிலோ கோகுலத்துக் கண்ணனும் அயோத்தி இராமனும் நடமாடினர் என்று அவரே பின்னாளில் எழுதியுள்ளார். மனைவி சரசுவதிபாயையும் அழைத்துச் சென்று மீண்டும் பார்த்தார். 1912-இல் இலண்டன் சென்று கருவி வாங்கி வந்தார். 1913 மே 3-ஆம் நாள் ‘ராஜா அரிச்சந்திரா’ பம்பாய்க் கொரோனேஷன் அரங்கில் வெளியாயிற்று. இந்தியக் கதைப்படக் கலைக்கு வித்திட்டது ஒரு கிறிஸ்துவப் படம் என்பது எண்ணி எண்ணி வியக்கத்தக்கது. கிறிஸ்துவைக் கண்ட இந்துவின் பக்தி குன்றவில்லை. தன் தெய்வத்தைக் காணும் வேட்கையாக அது வளர்ந்தது.

1917-இல் பால்கேயின் ‘லங்கா தகனம்’ வந்தது. இராமன் தோன்றியவுடன் ஆடவரும் பெண்டிரும் திரையின்முன் விழுந்து வணங்கினர் என்பது வரலாறு. புனேயில் அரங்கின் கதவே உடையுமளவு கூட்டம் நெருக்கியது. சென்னையில் வசூலான நாணயங்களை மாட்டுவண்டியில் ஏற்றிக் காவலுடன் கொண்டுசென்றனர் என்பர். அப்படத்தில் இராமனாகவும் சீதையாகவும் நடித்தவர் ஒருவரே. அண்ணா சாளுங்கே என்னும் ஆண்மகன். உணவகத்தில் வேலை பார்த்தவர். சீதையின் தோளில் ஓர் ஆணின் திரட்சி தெரிந்தும் வணங்கிய கை தாழவில்லை.

மேனாட்டிலோ நிலைமை வேறு. 1912-இல் அமைந்த பிரிட்டிஷ் தணிக்கைக் குழு, தொடக்கத்தில் வகுத்த விதிகளில் ஒன்று, கிறிஸ்துவின் உருவத்தைத் திரையில் காட்டலாகாது என்பது. 1959-இல் வெளிவந்த ‘பென்ஹர்’ என்னும் பெரும்படத்திலும் கிறிஸ்துவின் முகம் காட்டப்படவில்லை. நடிகன் ஒருவனின் முகம் திருமுகத்துக்கு ஈடாகுமோ என்பது அவர்களது அச்சம். அவ்வச்சமும் பக்தியின் வடிவமே. முகத்தை மறைத்து வணங்குவது ஒரு மரபு. முகத்தைக் கண்டு வணங்குவது நம் மரபு. கோயிலில் திரை விலகும் கணத்துக்காகக் காத்து நிற்கும் நமக்கு, அரங்கில் திரை ஒளிரும் கணம் அயலானதன்று.

இப்புனே நகரின் பிரபாத் கம்பெனியார் 1936-இல் ‘சந்த் துக்காராம்’ படத்தை அளித்தனர். இயக்கிய இருவருள் தாம்லே இந்து, பத்தேலால் இசுலாமியர். துக்காராமாக நடித்த விஷ்ணுபந்த் பாக்னிசையே துக்காராமாக எண்ணிப் பலர் வணங்கினர். 1937-இல் வெனிசு விழாவிலும் அப்படம் பாராட்டுப் பெற்றது. அந்தப் பிரபாத் வளாகத்திலேயே இன்று திரைப்படக் கல்லூரி நடைபெறுகின்றது.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் பாட்டியார். நான் சிறுவனாயிருந்தபோது, திருச்சியில் எங்கள் குடியிருப்பின் திடலில் ஒருநாள் இரவு வேட்டியை இழுத்துக் கட்டி ‘கருணாமயுடு’ என்னும் தெலுங்குப் படத்தின் தமிழ் வடிவத்தைக் காட்டினர். நம் பீம்சிங் இயக்கி 1978-இல் வெளிவந்தது. விஜயசந்தர் இயேசுவாக நடித்தது. சமயபுரத்தாளுக்குப் பச்சைப் பட்டினி விரதம் இருப்பவர் என் பாட்டியார். சாட்டையடிக் காட்சி வந்ததும் எழுந்து நின்றார், செருப்பைக் கழற்றினார், கைகூப்பித் தேம்பினார். என் தோழர்கள் நகைத்தனர். நானும் வெட்கி, அவர்களோடு சேர்ந்து நகைத்தேன். “அது நடிப்பு, ஆயா! உட்காரு” என்று அதட்டவும் செய்தேன்.

வீடு திரும்பும் வழியில் அவர் அமைதியாகச் சொன்னார்: “நடிப்புன்னு எனக்கும் தெரியும்டா. பெத்தவ முன்னால புள்ளையை அடிக்கிறான். அதுக்கு எந்திரிச்சு நிக்காம இருந்தா நான் என்ன மனுஷி?”

அச்சொல்லின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரே விளங்கியது. துணியையும் அவர் வணங்கவில்லை, நடிகரையும் வணங்கவில்லை. மதம் மாறவும் இல்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் அம்மனுக்கு விளக்கேற்றினார். துன்புறும் ஓர் உயிரின்முன் எழுந்து நின்றார், அவ்வளவே. அதனை அறியாமை என்றெண்ணிய நானே அறிவிலி.

எனினும், ஒரு செய்தியை மறைத்தல் தகாது. இப்பக்தியைக் காசாக்கியோரும் உண்டு. தெய்வமாக நடித்த புகழை வாக்குகளாக்கியோரும் உண்டு. 1987-88-இல் தொலைக்காட்சியில் இராமாயணம் வந்தபோது பெட்டிக்கே மாலையிட்டு ஊதுவத்தி ஏற்றிய இல்லங்கள் பல. ஆயினும், ஏய்ப்பவர் குற்றத்தை வணங்குபவர்மேல் ஏற்றுதல் முறையன்று. திரை அணைந்தபின் அவ்விரக்கம் நெஞ்சில் எரிகின்றதா என்பதே கேட்கத்தக்க கேள்வி.

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண் விட்டு வந்து, பல மொழியினரும் பல சமயத்தினரும் நடுவே வாழ்கின்றோம் நாம். அண்டை வீட்டார் எதன்முன் கண்ணீர் மல்க நிற்கின்றாரோ, அதன்முன் நகையாது நிற்கவேனும் கற்போமாக. அன்று நகைத்த சிறுவன் தன் பாட்டியாரிடம் கேட்கத் தவறிய மன்னிப்பாக இக்கட்டுரை அமைக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!