கைராசியும் கைப்பழக்கமும்

கொழும்பு மாநகரின் வடபால் கொட்டாஞ்சேனையும் தென்பால் வெள்ளவத்தையும் தமிழ் மக்கள் செறிந்து வாழும் பகுதிகளாம். முன்னது துறைமுகத்தை அண்டியது. மூடை சுமந்தும் வண்டி இழுத்தும் முதுகு வளைந்தோர் பலரை அது கண்டிருக்கிறது. பின்னது காலி வீதியின் இருமருங்கும் கடலோரமாக நீண்டு கிடப்பது; முன்னாளில் நெசவாலைத் தொழிலாளரும், பின்னாளில் நாள் முழுதும் மேசை முன் அமர்ந்து எழுதும் உத்தியோகத்தரும் அங்கே வாழ்ந்தனர். இவ்விரு பகுதிகளிலும் ஒருவருக்குச் சத்திரசிகிச்சை வேண்டும் என்று வைத்தியர் கூறிவிட்டால், உற்றார் உறவினர் வாயில் முதலில் எழும் வினா ஒன்று உண்டு. "ஆருடைய கை நல்ல கை?" என்பதே அது.

கைராசி என்னும் இச்சொல்லை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அதனுள்ளே ஓர் உண்மை பொதிந்து கிடக்கிறது. ஒரே தொழிலைப் பன்முறை செய்து தேர்ந்த கைக்கும், அதைப் புதிதாகத் தொட்ட கைக்கும் வேறுபாடு உண்டு என்பதை மக்கள் அனுபவத்தால் அறிந்து, அதற்கு அவர்கள் இட்ட பெயரே கைராசி. முள்ளந்தண்டின் இடைத்தட்டை அகற்றி, அதனிடத்தில் செயற்கைத் தட்டு ஒன்றைப் பொருத்தும் சத்திரசிகிச்சையின் வரலாறு, இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக்காட்டும் வரலாறாகும்.

தமிழில் மேலைநாட்டுச் சத்திரவைத்தியம் கற்பிக்கப்பட்ட காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் இருந்துகொண்டு தமிழ் இளைஞருக்கு வைத்தியம் பயிற்றினார். அவர் முயற்சியால் 'இரண வைத்தியம்' என்னும் சத்திரவைத்திய நூல் 1867இல் தமிழில் வெளிவந்தது. தென்னிலங்கையில் கொழும்புப் பெரியாஸ்பத்திரி 1864இலும், மருத்துவக் கல்லூரி 1870இலும் தோன்றின. அக்கல்லூரியில் 1936இல் சத்திரசிகிச்சைப் பேராசிரியர் பதவியை முதன்முதலாக ஏற்றவர் மில்ரோய் போல். அவர் தந்தையார் எஸ். சி. போல் அவர்களும் கொழும்பில் புகழ்பெற்ற தமிழ்ச் சத்திரசிகிச்சை நிபுணரே. அந்நாளில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் வயிறும் திறப்பார், எலும்பும் பொருத்துவார், தலைக்காயமும் பார்ப்பார். ஆதலின் அவர் பெயர் ஒன்றை அறிந்திருந்தால் போதும்; "இன்ன சத்திரசிகிச்சையை எத்தனை முறை செய்தீர்கள்?" என்று கேட்க வேண்டிய தேவை எழவில்லை.

அத்தேவையை உண்டாக்கியது முள்ளந்தண்டு பற்றிய புதிய அறிவு. மனிதனின் முள்ளந்தண்டில், கழுத்து முதல் இடுப்பு வரை, எலும்புக்கும் எலும்புக்கும் இடையே 23 தட்டுகள் உள்ளன. தட்டின் புறத்தே உறுதியான நார் வளையம். அகத்தே நீர்ச்சத்து மிக்க மென்பொருள். பாரம் தாங்குவதும், குனிந்து நிமிர இடங்கொடுப்பதும் இத்தட்டின் தொழில். வளையம் கிழிந்து உட்பொருள் வெளியே பிதுங்கினால் அருகிலுள்ள நரம்பை நெருக்கும். அப்பொழுது இடுப்பிலிருந்து கால் வரை நோவு ஓடும். நெடுங்காலமாக, சத்திரசிகிச்சையிற் கண்ட இப்பிதுக்கத்தை ஒருவகைக் கட்டி என்றே வைத்தியர் எண்ணியிருந்தனர். அமெரிக்காவில் பொஸ்டன் நகரைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்னும் இருவர், அது கட்டியன்று, கிழிந்த தட்டே என்று 1934இல் எழுதி வெளியிட்டனர். மிக்ஸ்டர் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். பார் எலும்பியல் நிபுணர். இருதுறை அறிவும் ஒன்றுகூடியபோதே உண்மை வெளிப்பட்டது என்பது நோக்கற்பாலது.

அதன் பின்னர் முள்ளந்தண்டு தனித் துறையாக வளரலாயிற்று. வேலூரில் 1949இல் ஜேக்கப் சாண்டியும், சென்னையில் 1950இல் பி. ராமமூர்த்தியும் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுகளைத் தொடங்கினர். கொழும்பில் 1956இல் ஷெல்டன் கப்ரால் அவ்வாறே தொடங்கினார். கடல் கடந்து வேலூருக்கும் சென்னைக்கும் சென்று நல்ல கை தேடிய இலங்கைத் தமிழர் பலர். நம்பிக்கைக்குரிய வைத்தியரைத் தேடிப் பயணஞ் செய்தல், ஆகாய விமானம் மலிந்த காலத்தில் மட்டும் எழுந்த வழக்கமன்று.

கெட்ட தட்டை என் செய்வது? இரு எலும்புகளையும் ஒன்றாகப் பிணைத்து, அசைவை நிறுத்திவிடுவது ஒரு முறை. நியூயோர்க்கில் 1911இல் ஹிப்ஸ், அல்பீ என்னும் இருவரும் தனித்தனியே இம்முறையைக் கைக்கொண்டனர். இன்றும் அது வழக்கில் உண்டு. ஆனால் அசைய வேண்டிய ஓரிடம் அசையாது நின்றுவிட்டால், அதற்கு மேலும் கீழும் உள்ள தட்டுகள் மிகுந்த பாரத்தைச் சுமக்க நேரிடும் என்னும் ஐயம் எழுந்தது. அசைவைக் காத்துக்கொண்டே நோவைத் தீர்க்க வழியில்லையா என்று ஆராய்ந்தவர்களுள் ஒருவர் சுவீடன் நாட்டின் பேண்ஸ்ட்ரோம். அவர் தட்டை அகற்றிய இடத்தில் உருக்குக் குண்டு ஒன்றை வைத்தார். தமது அனுபவத்தை 1966இல் வெளியிட்டார். எண்ணம் நன்று. ஆயினும் உருண்டைக் குண்டு சிறு பரப்பில் முழுப் பாரத்தையும் ஏற்றமையால், காலப்போக்கில் எலும்பினுள் புதைந்தது. அம்முறை பரவாது ஓய்ந்தது.

அடுத்த முயற்சி கிழக்கு ஜேர்மனியில் நிகழ்ந்தது. பேர்லின் நகரின் ஷரிற்றே ஆஸ்பத்திரி 1710இல் கொள்ளைநோய் மனையாகத் தோன்றிய பழம்பெரும் நிலையம். அங்கே 1982 அளவில் கூர்ட் ஷெல்நாக், கரின் பியூட்னர் யான்ஸ் என்னும் இருவர் செயற்கைத் தட்டு ஒன்றை வகுத்தனர். இவ்வம்மையார் வைத்தியராவதற்கு முன், 1972இல் மியூனிக் ஒலிம்பிக்கில் உடற்பயிற்சி வித்தைகளில் இரண்டு தங்கப் பதக்கம் வென்றவர். முள்ளந்தண்டு எவ்வளவு வளையும், எவ்வளவு தாங்கும் என்பதைத் தமது உடம்பிலேயே அறிந்தவர் அவர் எனலாம். மேலும் கீழும் உலோகத் தகடு, இடையே வழுக்கிச் செல்லும் பிளாஸ்டிக் வில்லை என்பதே அவர்கள் கண்ட அமைப்பு. 1984இல் அது முதன்முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. முதல் வடிவின் தகடுகள் சிறியவை, எலும்பிற் புதைந்தன. அடுத்த வடிவில் தகடுகள் பெருத்தன, உலோகம் முறிந்தது. 1987இல் மூன்றாம் வடிவம் வந்த பின்னரே அது பிற நாடுகளுக்கும் பரவிற்று. பிரான்சில் தியெரி மார்னே வகுத்த வேறொரு தட்டு 1990இல் வழக்கிற்கு வந்தது.

ஐக்கிய அமெரிக்காவில் இத்தட்டு விற்பனைக்கு வரும் முன் கடும் சோதனைக்கு உள்ளாயிற்று. 14 நிலையங்களில் 304 நோயாளர் சீட்டுக் குலுக்கியது போல இரு கூறாக்கப்பட்டனர். 205 பேருக்குச் செயற்கைத் தட்டும், 99 பேருக்கு எலும்புப் பிணைப்பும் செய்யப்பட்டன. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோது, செயற்கைத் தட்டு பிணைப்பிற்குக் குறைந்ததன்று என்று கண்டனர். அரசாங்கம் 2004இல் அனுமதி வழங்கிற்று. இச்சோதனையில் நேயர்கள் ஊன்றிக் கவனிக்கத்தக்க செய்தி வேறொன்று உண்டு. அந்த 304 பேரைத் தவிர, 71 நோயாளர் பயிற்சி நோயாளராக வேறாக வைக்கப்பட்டனர். ஒவ்வொரு நிலையத்தின் கையும் முதலிற் பழக வேண்டும், அப்பழக்கக் காலத்து விளைவை மற்றவற்றோடு கலத்தலாகாது என்று சோதனை வகுத்தோரே ஒப்புக்கொண்டனர் என்பது இதன் பொருள். 2006இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, நோயாளரை மிகுதியாகக் கண்ட நிலையங்களில் சத்திரசிகிச்சைக்கு எடுத்த நேரமும், ஆஸ்பத்திரியில் தங்கிய நாளும் குறைந்திருந்தன என்று காட்டிற்று. மக்கள் கைராசி என்றதை ஆய்வாளர் எண்ணிக்கையாக எழுதிக் காட்டினர்.

மறுபக்கமும் உண்டு. 2003இல் நெதர்லாந்திலிருந்து, இத்தட்டுப் பொருத்தப்பட்டுப் பின்னர் தொல்லையுற்ற 27 நோயாளரின் நிலை அறிவிக்கப்பட்டது. பேர்லினிலேயே, தொடக்கத்தில் சிகிச்சை பெற்ற 53 பேரை ஏறத்தாழ 17 ஆண்டுகளின் பின் பரிசோதித்தபோது, நூற்றுக்கு 60 பங்கு தட்டுகளைச் சூழ்ந்து எலும்பு தானே வளர்ந்து அசைவை நிறுத்தியிருந்தது. அசைவைக் காப்பதற்கென்று வைத்த தட்டு அசையாது நின்றது. அமெரிக்காவின் முதியோர் வைத்தியக் காப்புறுதி 2007இல், 60 வயதைக் கடந்தோருக்கு இடுப்புச் செயற்கைத் தட்டுக்கான செலவை ஏற்பதில்லை என முடிவு செய்தது. ஆகவே, இஃது எல்லார்க்கும் ஏற்ற சிகிச்சையன்று. எலும்பு மெலிந்தோர், முள்ளந்தண்டின் பின்புறச் சிறு மூட்டுகள் தேய்ந்தோர், ஓர் எலும்பு மற்றோர் எலும்பின் மீது சறுக்கியோர், கிருமி தொற்றியோர் ஆகியோருக்கு இது பொருந்தாது. மேலும், தட்டுப் பிதுங்கியோருட் பெரும்பாலோர் ஓய்வாலும் மருந்தாலும் பயிற்சியாலும் சத்திரசிகிச்சையின்றியே குணமடைகின்றனர்.

கைப்பழக்கம் இவ்வளவு வேண்டப்படுவது ஏன்? இடுப்புத் தட்டை முதுகுப் புறமாக மாற்ற இயலாது. வயிற்றுப் புறமாகவே அணுக வேண்டும். அவ்விடத்தில் இதயத்திலிருந்து கால்களுக்குச் செல்லும் பெருநாடியும், கால்களிலிருந்து மீளும் பெருநாளமும் தட்டின் முன்னே கிளைத்து நிற்கின்றன. அவற்றைக் காயமின்றி ஒதுக்குதல் வேண்டும். இதற்கெனக் குருதிக்குழாய்ச் சத்திரசிகிச்சையிற் பயின்ற ஒருவர் உடன் நிற்பதும் வழக்கு. பின்னர் தட்டு நடுக்கோட்டில் அமர வேண்டும். சிறிது விலகினாலும் பாரம் ஒருபுறம் சாயும். முதல் சத்திரசிகிச்சை பிழைத்து, அதே வழியாக மீண்டும் நுழைய நேரின், வடுவினுள் ஒட்டிக்கிடக்கும் அக்குழாய்களால் ஆபத்துப் பன்மடங்காகும். கழுத்துத் தட்டு வேறு. அதைக் கழுத்தின் முன்புறமாக அணுகுவர். ஆதலின் கழுத்தில் தேர்ந்தவர் இடுப்பிலும் தேர்ந்தவர் என்று கொள்ளுதல் பொருந்தாது.

இலங்கையில் சத்திரசிகிச்சை நிபுணர் கல்லூரி 1971இல் அமைந்தது. பட்டப்பின் மருத்துவ நிறுவகம் 1980இல் கொழும்புப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து தோன்றி, நிபுணர்க்குரிய பயிற்சியையும் பரீட்சையையும் நடத்துகிறது. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர் ஒருவர், ஒரு வைத்தியர் நிபுணர்தாமா என்பதை இவற்றின் வாயிலாக அறியலாம். ஆனால் பட்டம் ஒருவர் கற்றதைக் காட்டும். அவர் இச்சத்திரசிகிச்சையை எத்தனை முறை செய்தார் என்பதைக் காட்டாது. அதை அவரிடமே கேட்டறிதல் வேண்டும். இவ்வகைத் தட்டை இதுவரை எத்தனை பேருக்கு வைத்தார்? கடந்த ஓராண்டில் எத்தனை? அவர்களுள் எத்தனை பேருக்கு மீளவும் சத்திரசிகிச்சை வேண்டியதாயிற்று? வயிற்றுப் புறத்தை யார் திறப்பார்? தட்டு இடம் பெயர்ந்தால் எடுப்பவர் யார்? பிணைப்பை விடுத்து இதைத் தெரிந்தமைக்குக் காரணம் யாது? இவை மரியாதைக் குறைவான வினாக்கள் அல்ல. தேர்ந்த நிபுணர் இவற்றுக்கு எண்ணிக்கையோடு விடை கூறுவார். இரண்டாமவர் ஒருவரின் கருத்தைக் கேட்பதையும் தடுக்கமாட்டார்.

வெளிநாடு செல்ல எண்ணுவோர்க்கு இன்னும் ஒரு வினா உண்டு. சத்திரசிகிச்சை ஒருநாட் செயல். அதன் பின்னான கவனிப்போ பல்லாண்டு நீள்வது. ஆறு திங்கள் கழித்து நோவு திரும்பினால், கொழும்பில் அந்தத் தட்டை அறிந்து, படங்களைப் பார்த்து ஆலோசனை கூறுபவர் யார் என்பதைப் புறப்படும் முன்பே தெளிந்துகொள்ளல் வேண்டும். பொருத்தப்பட்ட தட்டின் பெயர், அளவு, இலக்கம் ஆகியன எழுதிய சீட்டையும், சத்திரசிகிச்சைக் குறிப்பையும் கேட்டு வாங்கிப் பேணுதல் நன்று.

"உமக்கு இச்சத்திரசிகிச்சை வேண்டாம்" என்று சொல்லி ஒரு நோயாளியைத் திருப்பி அனுப்பும் நிபுணரைக் கைராசி இல்லாதவர் என்று ஊரார் எண்ணுதல் கூடும். ஆயின் உருக்குக் குண்டு முதல் பேர்லின் தட்டு வரை நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து, யாருக்குச் செய்யலாகாது என்று அறிதலும் அக்கைப்பழக்கத்தின் பாற்பட்டதே என்பது விளங்கும்.